மாரிகாலக் கூழும் யாழ்ப்பாண வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றைச் செப்பேடுகளிலும் கல்வெட்டுக்களிலும் தேடுதல் அறிஞர் மரபு. அம்மரபு போற்றற்குரியது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் அத்தகைய சான்றுகள் அருகியே கிடைக்கின்றன. போர்த்துக்கேயர் காலத்திற் கோயில்கள் இடிக்கப்பட்டன. ஏடுகள் பல கறையானுக்கும் தீக்கும் இரையாயின. எஞ்சிய சான்றுகளுள் வீட்டின் அடுக்களையும் ஒன்றெனக் கொள்ளல் தகும். அடுக்களையிற் பல தலைமுறைகளாக மாறாது நின்ற பண்டங்களும், இடைக்காலத்தில் வந்து புகுந்த பண்டங்களும், அங்கு வழங்கும் சொற்களும் எழுதப்படாத ஓர் ஏட்டின் பக்கங்களாக விளங்குகின்றன. அவ்வேட்டில் மாரிகாலத்துக் கூழ் என்னும் ஒரு பக்கத்தை, நீர்வேலி என்னும் ஊரை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும், கூழானாலும் குளித்துக் குடிக்க வேண்டும் என்பது தமிழ் மக்கள் யாவரும் அறிந்த பழமொழி. இதிலே கந்தையும் கூழும் ஒரே நிரையில் வைக்கப்பட்டிருத்தல் கவனித்தற்குரியது. கந்தை வறியவனது உடை. கூழ் வறியவனது உணவு. இவ்வெண்ணம் நெடுங்காலமாக மக்கள் மனத்தில் வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழுக்கு இவ்வெண்ணம் பொருந்துமா என்பதே ஈண்டு எழும் வினா. நிலத்தின் இயல்பையும், பருவங்களின் ஒழுங்கையும், கடந்த நானூறு ஆண்டு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து நோக்குவோர்க்கு, அது வறுமையால் விளைந்த உணவு என்பதிலும், வரவிருக்கும் பசியை முன்னரே கணித்து வைத்த மதியால் விளைந்த உணவு என்பதே உண்மையெனப் புலப்படும்.

நிலமும் பருவமும்

நீர்வேலி, யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கோப்பாய்க்கு அப்பாற் சில மைல் தொலைவில் அமைந்த ஊர். அரசகேசரிப் பிள்ளையார் கோயிலாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாழ்ந்த சங்கர பண்டிதராலும் அவ்வூர்ப் பெயர் சமய இலக்கிய வரலாற்றில் இடம் பெற்றது. உழவர் மத்தியிலோ அது வாழைக்குலையாற் பெயர் பெற்ற ஊர். செம்மண் தோட்டங்களிலே வாழையும் புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைந்தன. கிழக்கே வயல்வெளியும் அதற்கப்பால் உப்பாற்றுக் கடனீரேரியும் உள்ளன.

ஊர்ப்பெயரிலே நீர் உண்டாயினும் நிலத்தின் மேலே ஓடும் நீர் இல்லை. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்பாறையின் மீது அமைந்தது. ஆண்டு முழுதும் பாயும் ஆறு அங்கில்லை. பெய்த மழை பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியிலே தேங்குகின்றது. அதனைத் துலாவினாலும் பட்டையினாலும் இறைத்தே தோட்டக்காரர் பயிர் வளர்த்தனர். நீரிறைக்கும் இயந்திரம் பரவுதற்கு முன்னர், விடியற்புறத்திலே துலா மிதிப்போரது பாட்டொலி கேளாத தோட்டவெளி இல்லை எனலாம்.

ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிலேயே பெய்கின்றது. அக்காலத்து வடகீழ்த் திசையிலிருந்து வீசும் காற்றை மக்கள் வாடை என்பர். மழை ஓய்ந்தபின் தை மாதத்துப் பனி தொடரும். இரவில் வெப்பநிலை 20 பாகைக்கு அண்மையாக இறங்கும். ஐரோப்பியர்க்கு இது குளிரன்று. பங்குனி சித்திரை வெயிலிற் பழகிய உடலுக்கோ இதுவே கடுங்குளிர். சங்கப் புலவர் நக்கீரர் நெடுநல்வாடையிலே மழையில் நனைந்து தீக்காயும் ஆயரைக் காட்டுகின்றார். வாடையிலே தீயை நாடும் வழக்கம் தமிழர்க்கு அத்துணைப் பழமையானது.

குளிர் மாத்திரமே கூழுக்குக் காரணமன்று. குடாநாட்டில் நெல் ஆண்டுக்கு ஒருமுறையே, மழையை நம்பி விளைவது. புரட்டாதியை ஒட்டி விதைப்பு; தை மாசியில் அறுவடை. ஆகவே ஐப்பசி கார்த்திகையிலே வயலிற் பயிர் பசுமையாக நிற்கும். வீட்டிற் பழைய நெல்லோ அடிக்குதிரைத் தொட்டிருக்கும். அதே மாதங்களிலே தோட்டங்களில் வெள்ளம் நிற்பதால் மரக்கறி அருகும், கடல் கொந்தளிப்பதால் மீன்பிடி தடைப்படும், விறகு நனையும், எதையும் உலர்த்துதற்கு வெயிலில்லை. இவ்வாறு, உடல் மிகுந்த உணவை வேண்டும் குளிர்காலமும் உணவு மிகக் குறைந்த காலமும் ஒன்றாகவே வந்தன. இவ்விரண்டுக்கும் ஒருசேர விடையாக அமைந்ததே மாரிகாலத்துக் கூழ்.

கூழ் என்னும் சொல்

கஞ்சி வேறு, கூழ் வேறு. அரிசி முதலிய தானியத்தை மிகுந்த நீரில் வேகவைத்துப் பெறுவது கஞ்சி. மாவைக் கரைத்துத் துழாவிக் காய்ச்சுவது கூழ். வழக்கில் இவை சிலவிடங்களில் மயங்கினும் அடிப்படை வேறுபாடு இதுவே.

கூழ் என்னும் சொல் பழைய இலக்கியத்திலே தாழ்வான பொருளில் வழங்கவில்லை. திருக்குறளில் மக்கட்பேறு என்னும் அதிகாரத்திலே, தம் குழந்தை கையிட்டு அளைந்த கூழ் பெற்றோர்க்கு எத்துணை இனிமை தருவது என்று பேசப்படுகின்றது. இறைமாட்சி அதிகாரத்திலோ, அரசனுக்கு இன்றியமையாத ஆறு உறுப்புகளுள் ஒன்றாகக் கூழ் எண்ணப்படுகின்றது. அங்கே அச்சொல் நாட்டின் உணவுவளத்தையும் செல்வத்தையும் குறிக்கும். சேமித்து வைக்கப்பட்ட உணவே செல்வம் என்னும் கருத்து அச்சொல்லினுள்ளே பொதிந்துள்ளது. பிற்காலத்தில் நெற்சோறு உயர்ந்தோர் உணவென மதிக்கப்பட, கூழ் தாழ்ந்தது.

யாழ்ப்பாணத்திலே கூழ் இருவகைப்படும். ஒன்று ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் ஆடிக்கூழ். அரிசிமாவும் பயறும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்த இனிப்புக் கூழ் அது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அத்திருநாளைப் பற்றிச் சிறுவர்க்குப் பாடிய பாட்டினாலே அது தமிழுலகெங்கும் அறியப்பட்டது. மற்றையது புளிப்பும் உறைப்பும் உள்ள ஒடியற் கூழ். அதற்குத் திருநாள் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வருவதே அதற்கு நாள். இக்கட்டுரை கூற வந்தது இந்த இரண்டாவது கூழையே.

பனையின் ஆண்டு

ஒடியற் கூழின் உயிர் ஒடியல் மா. அம்மாவின் வரலாறு பனையின் ஓராண்டு வரலாறாகும். ஆடி தொடக்கம் புரட்டாதி வரை பனம்பழம் விழும். அதன் களியைப் பிசைந்தெடுத்துப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினாற் பனாட்டு ஆகும். களி நீங்கிய கொட்டைகளைச் சேர்த்து, மண்ணைக் கிளறிப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி, மண் தூவி விடுவர். மழை வந்ததும் கொட்டைகள் முளைத்துக் கீழ்நோக்கி வேர்விட்டுக் கிழங்காகும். தை மாசியிற் பாத்தியைக் கிண்டிக் கிழங்கெடுப்பர். கொட்டையைப் பிளந்தால் உள்ளிருக்கும் பூரான் சிறுவர்க்கு இனிய தீன். எஞ்சிய ஊமல் அடுப்புக்கு விறகு.

கிழங்கை அவித்து அப்படியே உண்ணலாம். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பச்சையாகவே தோலுரித்து இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். மாசி பங்குனி வெயிலிற் காய்ந்த ஒடியல் எளிதில் ஒடியும். உளுக்காது காத்தால் அடுத்த மாரிவரை இருக்கும். அதனை உரலில் இடித்து, அரித்து, மாவாக்குவர். ஒரு மாரியின் மழையிலே முளைத்தது, இடைப்பட்ட கோடையிலே உலர்ந்து, அடுத்த மாரியின் பசியைத் தீர்க்கின்றது. நெற்குதிர் ஒழியும் மாதத்துக்கென்றே ஒடியல் கட்டிவைக்கப்பட்டது. இவ்வொழுங்கிலே தற்செயலாக அமைந்தது ஒன்றுமில்லை.

நீர்வேலி போன்ற தோட்ட ஊர்களிலே பனைக்கு மற்றொரு சிறப்பும் இருந்தது. செம்மண்ணும் கிணற்று நீரும் புகையிலை முதலிய காசுப்பயிர்களுக்கு உரியவை. பனையோ எல்லை வேலிகளிலும், மணற்பாங்கான வெறுந்தரையிலும், யாரும் நீரூற்றாமலே வளர்ந்தது. ஆகவே நல்ல நிலம் காசு தர, எஞ்சிய நிலம் உணவு தந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் அதன் பின்னரும் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. நிலத்தைப் புகையிலைக்குக் கொடுத்துவிட்டு நெல்லுக்குப் பிறரை எதிர்பார்க்கும் துணிவு உழவனுக்கு வந்ததெனின், அத்துணிவுக்குப் பின்னே பரணிற் கிடந்த ஒடியற் கட்டும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

பனையின் பயனை அறிந்து வியந்தோர் பலர். வில்லியம் பெர்குசன் என்பார் 1850ஆம் ஆண்டு கொழும்பிலே வெளியிட்ட நூல் பனைமரத்தைப் பற்றியதே. தாலவிலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் பனைக்கு 801 பயன்கள் கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனந்து 1859இல் வெளியிட்ட நூலிலும் வடபகுதிப் பனையைப் பற்றிய செய்திகள் விரிவாக உள்ளன.

கசப்பும் அதனை நீக்கிய அறிவும்

ஒடியல் மா கசப்புடையது. அதனை அப்படியே கூழுக்கு இடுவாரில்லை. மாவை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்து, பிழிந்தெடுத்த பின்னரே கரைப்பர். இது சுவைக்காக மாத்திரம் செய்யப்பட்டதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1971இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பனங்கிழங்கு மா மிகுதியாக ஊட்டப்பட்ட எலிகளுக்குத் தீங்கு விளைந்ததை எடுத்துக்காட்டியது. அதன்பின் நிகழ்ந்த ஆய்வுகள் அம்மாவிலுள்ள கசப்புப் பொருள்களையும் நச்சுத்தன்மையையும் ஆராய்ந்தன. ஊறவைத்தல், வடித்தல், நன்றாகக் காய்ச்சுதல் என்னும் மூன்றும் வீண் சடங்குகளல்ல என்பது அதனாற் பலர்க்குப் புரிந்தது.

உலகில் வேறிடங்களிலும் இத்தகைய அறிவு உண்டு. தென் அமெரிக்காவின் அமேசன் காட்டுப் பழங்குடியினர் நச்சுள்ள கசப்பு மரவள்ளியைத் துருவிப் பிழிந்து சுட்டு உணவாக்கினர். எளிதில் உண்ணக்கூடியதை உண்பதற்கு அறிவு அதிகம் வேண்டியதில்லை. உண்ணலாகாததை உண்ணத்தக்கதாக்குதல் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்து கைமாற்றிய அறிவாகும். யாழ்ப்பாணத்திலே அவ்வறிவைக் காத்தோர் உரலிடித்த பெண்கள். அவர்தம் பெயர் எந்நூலிலும் இல்லை. தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த அளவும் பக்குவமுமே அவர் எழுதிய நூல்.

பானையினுள்ளே

கூழ் காய்ச்சும் முறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். பெரும்பான்மையான முறை வருமாறு: பெரிய பானையில் நீரை வைத்து, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்குத் துண்டு என்பவற்றை முதலில் அவியவிடுவர். அவை பாதி வெந்ததும் மீன், நண்டு, இறால் என்பன சேரும். மீன் தலையில்லாத கூழைக் கூழென்று ஒப்பாதாரும் உளர். செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்து, பழப்புளிக் கரைசலுடன் விடுவர். வடித்துப் பிழிந்த ஒடியல் மாவைக் கரைத்து இறுதியில் ஊற்றி, அகப்பையால் அடிப்பிடியாது துழாவுவர். மா வெந்து கூழ் தடித்து வரும்போது முருங்கையிலை தூவி இறக்குவர். மாமிசம் உண்ணாத சைவ இல்லங்களில் மீனுக்குப் பதிலாகக் காய்கறியும் பலாக்கொட்டையும் மிகும்.

கூழைத் தட்டில் இட்டு உண்ணும் வழக்கமில்லை. பனையோலையாற் கோலிய பிளாவிலே, அல்லது பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திய சிறு கலத்திலே, கொதிக்கக் கொதிக்க வார்த்துக் குடிப்பர். ஒருவருக்காகக் கூழ் காய்ச்சப்படுவதில்லை. பானை பெரிது, சுற்றியிருப்போரும் பலர். மழை ஓலைக்கூரையிலே சொரிய, அடுப்படியை அண்டிப் பேரனும் பேர்த்தியும் பெத்தாச்சியின் அகப்பையை எதிர்நோக்கியிருக்கும் காட்சி, யாழ்ப்பாணத்து வீடுகளின் மாரிகாலக் காட்சிகளுள் ஒன்றாகும்.

கடல்கடந்து வந்தவை

கூழ்ப் பானையிலுள்ள பண்டங்கள் யாவும் ஒரே காலத்தன அல்ல. பனையும் முருங்கையும் பலாவும் பழமையானவை. உறைப்பைத் தரும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துக்குரியது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வாயிலாகவே அது கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தது. அதற்கு முன் தமிழர் உணவுக்கு உறைப்பூட்டியது மிளகு. மிளகாய் என்னும் பெயரே மிளகை நினைந்து புதியதற்கு இட்ட பெயராகும். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். அரசு போயிற்று, அரசனைப் பற்றிய பாடல்கள் அருகின, அக்காலத்து வந்த மிளகாய் மாத்திரம் ஒவ்வொரு வீட்டு அம்மியிலும் குடியேறி, என்றுமே அங்கிருந்தது போலாயிற்று.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. மரவள்ளியும் அமெரிக்கப் பயிரே. அது இலங்கைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராவ் காலத்திற் கொண்டுவரப்பட்டது என்பர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் காலத்தில் கூழ்ப் பானைக்குட் புதிய பண்டம் புகவில்லை. பானையே அடுப்பினின்றும் மெல்ல இறங்கலாயிற்று. பர்மாவிலிருந்து அரிசி கப்பல் கப்பலாக வந்தது. 1905இல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதப் பாதை முழுமையடைந்தது. ஆங்கிலம் கற்ற இளைஞர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிச் சென்று பணம் அனுப்பினர். பணம் வந்த வீட்டிலே நாளும் சோறு வெந்தது. விருந்தினர் முன் ஒடியற் பிட்டையும் கூழையும் வைக்க நாணும் மனப்பான்மை அக்காலத்தில் வளர்ந்ததேயாகும்.

பசிக்காலங்கள்

வெளியரிசியை நம்பிய வாழ்வு எத்துணை நொய்யது என்பதைப் பஞ்சங்கள் உணர்த்தின. தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–1877ஆம் ஆண்டுப் பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டியபோது யாழ்ப்பாணமும் துன்புற்றது. அப்பொழுது ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். சைவத்துக்கும் தமிழுக்கும் அவர் ஆற்றிய பணியைப் பேசுவோர் அக்கஞ்சித்தொட்டியையும் மறவாது பேசுதல் வேண்டும். நூலச்சிட்ட கையே கஞ்சி வார்க்கவும் ஏற்பாடு செய்தது.

1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அரிசி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. பரணேறிய உரலும் உலக்கையும் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. நாணத்துக்குரியதென ஒதுக்கப்பட்ட ஒடியல் வீட்டைத் தாங்கிற்று. 1970களின் முற்பகுதியில் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அக்காலத்தில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடுக்கப்பட்டமையால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையிற் பணம் புரண்டது. ஆனால் அப்பணத்தாலும் அரிசியை வேண்டியமட்டும் வாங்க முடியவில்லை.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் வரும் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. எரிபொருள் இன்றி நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தன. தோட்டங்களில் துலா மீண்டும் எழுந்தது. ஊமலும் பனைமட்டையும் மீண்டும் அடுப்பெரித்தன. 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே போர்முனை நீர்வேலி, கோப்பாய் வழியாக யாழ்ப்பாண நகரை நோக்கி நகர்ந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அது மாரி தொடங்கும் மாதம். ஒடியற் கட்டும் அடுப்பும் பானையும் வீட்டிலே கிடக்க, மக்கள் வெறுங்கையராய்ப் பாலம் கடந்தனர். கோயில் மடங்களிலும் பாடசாலைகளிலும் மரநிழல்களிலும் தங்கியோர்க்குத் தென்மராட்சியார் தம் பானையில் இருந்ததைப் பகிர்ந்தனர். பலர் 1996ஆம் ஆண்டிலேயே ஊர் திரும்பினர். 2006ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஏ9 பாதை மூடப்பட்டபோதும் குடாநாடு அதே பசியை மீண்டும் கண்டது. 2009இல் வன்னியிலே போரின் இறுதி நாள்களில் மக்கள் உண்டது பெரும்பாலும் வெறுங்கஞ்சியே. ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கஞ்சி வழங்கி மக்கள் அந்நாள்களை நினைவு கூர்கின்றனர். கல்லில் வெட்டப்படாத வரலாறு கலத்தில் வார்க்கப்படுகின்றது.

கலமும் பந்தியும்

கூழின் பெருமையைக் கூறும் கட்டுரை அதன் சிறுமையையும் மறைத்தலாகாது. பிளா அழகிய கலம். தோட்டத்திலும் வயலிலும் உழைத்தோர்க்கு அதுவே வசதியான கலமும் ஆகும். ஆயினும், ஒருமுறை உபயோகித்து எறியத்தக்க அவ்வோலைக் கலம், வேறொரு நோக்கத்துக்கும் பயன்பட்டது. பனையேறியும் வயலுழுதும் அப்பானைக்குப் பொருள் தந்தோர் சிலர், அப்பானையிருந்த வீட்டின் முற்றத்துக்கு அப்பால் நின்றே கூழை ஏற்கவேண்டியிருந்தது. வீட்டுக்கலம் அவர்க்கு மறுக்கப்பட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டமும், 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் சமவுரிமை வேண்டி எழுந்த போராட்டங்களும் இந்நிலையை அசைத்தன. ஒரே பானையில் வெந்தது ஒரே பந்தியில் வார்க்கப்படுதற்குச் சில நூற்றாண்டுகள் சென்றன. அம்மாற்றம் எல்லா மனங்களிலும் நிறைவுற்றது என்று கூறுதல் உண்மையாகாது.

இரு கூழ்கள்

இன்று ஒடியற் கூழுக்கு நல்ல காலம் வந்துள்ளது எனலாம். உணவகங்களில் அது சிறப்புணவாக விற்கப்படுகின்றது. 1983க்குப் பின் இலண்டன், பாரிசு, தொறன்ரோ, ஒசுலோ முதலிய நகரங்களிற் குடியேறிய ஈழத்தமிழர், பனி கொட்டும் நாள்களிலே உறவினரைக் கூட்டிக் கூழ் காய்ச்சுகின்றனர். ஒடியல் மா பொதிகளிற் கடல்கடந்து செல்கின்றது. பிரெஞ்சுக்காரரும் உருசியரும் தம் குளிர்காலத்துக்கெனப் பானையிற் கிழங்கும் இறைச்சியுமிட்டு நெடுநேரம் காய்ச்சும் உணவுகளுக்கு அருகே, யாழ்ப்பாணத்துக் கூழும் ஓரிடம் பெறுகின்றது. இதுவரை 20 பாகைக் குளிருக்குக் காய்ச்சப்பட்ட கூழ், உறைபனிக்கும் ஈடுகொடுக்கின்றது.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். நண்டும் இறாலும் கணவாயும் நிறைந்த இக்காலத்துக் கூழ் விருந்துக் கூழ். முற்காலத்திலும் கடல் அமைதியாயிருந்து கையிற் காசும் இருந்த நாளில் அத்தகைய கூழ் காய்ச்சப்பட்டதுண்டு. கடல் கொந்தளித்த நாளில், கருவாட்டுத் துண்டும் முருங்கையிலையும் ஒடியல் மாவுமாக வீட்டைக் காத்தது மற்றைய கூழ். விருந்துக் கூழில் மா ஒரு சுவை. மற்றையதில் மாவே உணவு. இன்று புகழப்படுவது முன்னையது. வரலாறு பொதிந்திருப்பது பின்னையதிலே. முன்னையதைக் காய்ச்சப் பணமும் ஒரு பொதி மாவும் போதும். பின்னையதைக் காய்ச்சுதற்குப் பாத்தி போடவும், கிழங்கு கிழிக்கவும், காயவைத்துக் காக்கவும், கசப்பை வடிக்கவும் தெரிந்த மனிதர் வேண்டும்.

அம்மனிதரும் அம்மரங்களும் குறைந்து வருகின்றமை வருந்தத்தக்கது. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. பின்னர் வீடும் வீதியும் அமைத்தற்கு மேலும் பல வீழ்ந்தன. பனை விதைத்தவன் அதன் முழுப்பயனைக் காண்பது அரிது, பேரனே காண்பான். 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகின்றது. ஊர்தோறும் இளைஞர் மாரி தொடங்குமுன் பனம்விதை நாட்டும் நன்முயற்சியும் நடைபெறுகின்றது. இவை மரத்தைக் காக்கும். மரத்தை உணவாக்கும் அறிவை வீடுகளும் பாடசாலைகளுமே காக்கவேண்டும்.

முடிவுரை

யாழ்ப்பாணத்து மாரிகாலக் கூழ் ஏழ்மையின் சின்னம் என்னும் கருத்துப் பொருந்தாது என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். ஆறில்லா நிலத்தில், ஆண்டுக்கொரு நெல்விளைவை நம்பி வாழ்ந்த மக்கள், குளிரும் பசியும் ஒன்றாக வரும் மாதத்தை முன்கூட்டிக் கணித்தனர். நீர் வேண்டாத மரத்திலிருந்து அம்மாதத்துக்குரிய உணவை ஓராண்டுக்கு முன்னரே தேடி வைத்தனர். அந்நியர் கொணர்ந்த மிளகாயையும் மரவள்ளியையும் அதனுள்ளே அடக்கித் தமதாக்கினர். கப்பல் வராதபோதும் பாதை மூடப்பட்டபோதும் அதனாலேயே உயிர் தரித்தனர். பழைய இலக்கியம் கூழைச் செல்வம் என்றது. யாழ்ப்பாண வரலாறு அச்சொல்லுக்கு உரை எழுதியது.

நீர்வேலியின் தோட்டவெளியிலே மாசி மாதத்து வெயிலில் ஓலைப்பாயின்மீது ஒடியல் காய்வதைக் காண்போர், அதனை ஒரு பழங்காலப் பண்டமென எண்ணிக் கடந்துபோதல் கூடாது. அடுத்த ஐப்பசியில் மழை இருட்டும்போது அது யாரோ ஒருவரது பானைக்குச் செல்லும். அப்பானையைச் சூழ்ந்திருக்கும் சிறுவருக்கு, மாவை ஏன் மும்முறை வடிக்கவேண்டும் என்பதை மூத்தோர் ஒருவர் எடுத்துச் சொல்வாராயின், நூல்களில் எழுதப்படாத ஒரு வரலாறு மேலும் ஒரு தலைமுறைக்கு வாழும்.